கஞ்சி போட்ட ஜெர்சி

நடுவர் என் அக்காவின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றாக அழுத்திப் பிரித்துப் பார்த்தார். பிறகு அந்த விரலை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார்.

நான் திடலின் ஓரத்தில் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவலாக நின்றிருந்தேன். அந்த விரலில் என்ன வாசனை வரும் என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஜெர்சியைப் போட்டுக்கொண்டு நின்ற எட்டுப் பேருக்கே தெரியாது. நான் சொல்லவில்லை.

நான் ஆறாம் வகுப்புக்கு அடுத்த புகுமுக வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கோலா கிளாவாங் போகிற மலைச்சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண்பாதையில், எண்ணெய்க்குப் பழம் வெட்டுகிற எங்கள் செம்பனைத் தோட்டம் இருக்கிறது. வீட்டின் முன்னறையில் லோகோ தைக்கிற மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். கணினியில் வரைந்த படத்தை உள்ளே ஏற்றிவிட்டால் அதுவாகவே தைத்துவிடும். பள்ளிச் சட்டைகளுக்குச் சின்னம், கோயில் தொண்டர்களின் சட்டைகளுக்கு வேல், கடைக்காரர்களின் சட்டைகளுக்குக் கடைப்பெயர். எல்லாம் தடித்த பருத்தித் துணி. அதில் எனக்குப் பயமில்லை. அதில் மட்டும்தான் பயமில்லை என்று சொல்ல வேண்டும். பசாருக்குக் கிளம்பினால் பாதி வழியில் திரும்பி வந்து அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்கிற ஆள் நான். ஊசி ஒன்று ஒடிந்தால் அதன் முனை கிடைக்கிறவரைக்கும் சோறு இறங்காது. யாராவது அந்தச் சட்டையைப் போட்டுக் குத்திவிட்டால்?

என் சொந்த அக்கா தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். அவரும் இன்னும் ஏழு பெண்களும் சேர்ந்து கயிறு இழுக்கிற குழு ஒன்று வைத்திருந்தார்கள். தோட்டத்து அலுவலகம் நடத்துகிற விளையாட்டுப் போட்டியில் வருடா வருடம் இழுப்பார்கள். ஆனால் அவர்களுக்கென்று ஒரு சட்டை இருந்ததில்லை. ஆண்களின் பந்துக் குழு போட்டுக் கழித்த ஜெர்சிகள்தான் இவர்களுக்கு வரும். கயிற்றின் கடைசியில் நிற்கிற அக்காவுக்கு எப்போதும் அக்குள் கிழிந்த ஒரு பத்தாம் நம்பர் ஜெர்சி. கடைசி ஆள் கயிற்றை அக்குளுக்கடியில் விட்டு, முதுகில் குறுக்கே கொண்டுபோய், தோளுக்கு மேலே இறக்கிப் பிடிக்க வேண்டும். எட்டுப் பேருடைய பாரமும் அந்த முதுகில்தான் வந்து விழும்.

இந்தத் தடவைதான் முதல்முறையாகத் தோட்டங்களுக்கு இடையிலான போட்டிக்கு அழைப்பு வந்தது. பாரோய்ப் பக்கம் ஒரு திடலில். மேனேஜர் ஒருநாள் விடுப்பும் ஒரு வேனும் கொடுத்தார். கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: வெளியே போய் ஏதாவது பிரச்சினை என்று ஒரு கடிதம் வந்தாலும் இதுதான் கடைசி. அக்கா வீட்டுக்கு வந்து அதை என்னிடம் அப்படியே சொன்னார். அவருக்கு அது ஒரு தகவல். நான் அன்றிலிருந்து அந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன்.

எட்டுப் பேரும் சேர்ந்து கருநீலத்தில் ஒன்பது ஜெர்சி வாங்கினார்கள். கையில் எடுத்தால் ஒன்றும் இல்லாதது போல இருந்தது. வியர்வையை உறிஞ்சாமல் வெளியே தள்ளிவிடுகிற, பொடிப்பொடி ஓட்டைகள் போட்ட துணி. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும்.

“எட்டுப் பேருதான? எதுக்கு ஒம்போது?” என்று கேட்டேன்.

“ஒம்போதாவது ஒனக்கு லா,” என்றார் அக்கா. “லோகோ போட்டு நீயும் மாட்டிகிட்டு வா. தண்ணி போத்தல தூக்க ஆள் வேணாமா?”

பள்ளிச் சீருடைக்குப் பிறகு எனக்கென்று யாரும் ஒரு சீருடை கொடுத்ததில்லை. அக்கா போன பிறகு அதைக் கண்ணாடி முன்னால் தோளில் வைத்துப் பார்த்தேன்.

லோகோ என்பது இரண்டு கைகள் பிடித்த கயிறு, அதன் கீழே ஒரு சிவப்புச் செம்பனைக் குலை. குலை முழுக்க நெருக்கமாக நிரப்பித் தைக்க வேண்டும். பல ஆயிரம் குத்து ஒரே இடத்தில் இறங்கும். வெள்ளோட்டம் பார்க்க என்னுடைய ஜெர்சியைத்தான் எடுத்தேன். நெஞ்சில் தைக்கத் துணிவில்லை. ஓரத்து மடிப்புக்குப் பக்கத்தில், உள்ளே செருகினால் தெரியாத இடத்தில் வைத்தேன்.

துணியை இரண்டு வளையங்களுக்கு நடுவில் மாட்டி, அடியில் துணியைத் தாங்கிப் பிடிக்கிற பேக்கிங் தாள் வைத்து, நான்கு பக்கமும் இழுத்து முடுக்கினேன். தட்டிப் பார்த்தேன். மேளம் மாதிரி டொம் என்றது. அந்தச் சத்தம் வந்தால்தான் எனக்குத் திருப்தி. பள்ளிச் சட்டைகளில் அந்தச் சத்தம் வந்தால் ஒரு தப்பும் நடக்காது.

மெஷின் தைத்து முடித்தது. வளையத்துக்குள் இருந்தவரை அவ்வளவு அழகு. திருகைத் தளர்த்தி வளையத்தைக் கழற்றினேன்.

துணி என் கண்ணெதிரே சுருங்கியது. லோகோவைச் சுற்றி ஒரு வாயை நூல் போட்டு இறுக்கினாற்போல மடிப்பு மடிப்பாக இழுத்துக்கொண்டது. கைகள் இரண்டும் கோணிப்போய், குலை நடுவில் குழிந்து, கயிறு பாம்பாக நெளிந்தது. நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஏதோ உயிருள்ளது கையில் துடித்தது போல இருந்தது. விரலால் நீவி விட்டேன். விட்டதும் மறுபடியும் சுருண்டது.

தாள் போதவில்லை என்று இரண்டு தாள் வைத்து இன்னொன்று தைத்தேன். இன்னும் மோசம். இன்னும் இறுக்கினால் சரியாகும் என்று பல்லைக் கடித்து இழுத்து மாட்டி மூன்றாவது தைத்தேன். அது வற்றல் போட்ட மிளகாய் மாதிரி ஆனது. என் ஜெர்சியின் ஓரத்தில் மூன்று லோகோ, மூன்று வற்றல். இஸ்திரி போடலாம் என்று பெட்டியை எடுத்தவள், அந்தத் துணி சூட்டில் உருகிவிடும் என்று ஞாபகம் வந்து பெட்டியை வைத்துவிட்டேன்.

எட்டுப் பேரும் நெஞ்சில் வற்றலோடு போய் நிற்கப் போகிறார்கள். மற்ற தோட்டத்து ஆள்கள் சிரிக்கப் போகிறார்கள். யார் தைத்தது என்று கேட்கப் போகிறார்கள். அதோடு என் மண்டை நிற்கவில்லை. சிரிப்பில் அக்காவுக்குக் கோபம் வரும், அக்கா ஏதாவது பேசிவிடுவார், சண்டை வரும், மேனேஜருக்குக் கடிதம் போகும். ஒரு லோகோவிலிருந்து கடிதம் வரைக்கும் நானே நடந்து போய்விட்டேன்.

அப்போதுதான் கஞ்சி ஞாபகம் வந்தது.

எங்கள் அம்மா, தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டுத் துணி துவைத்தவர். கிராணியின் வெள்ளைச் சட்டைகளை மரவள்ளி மாவில் காய்ச்சிய கஞ்சியில் முக்கிக் காயப் போடுவார். காய்ந்தால் சட்டை தனியாக நிற்கும். இந்த ஜெர்சியின் குற்றமே கொழகொழவென்று இருப்பதுதானே? அதைத் தாள் மாதிரி விறைப்பாக்கிவிட்டால்? அப்படி யோசித்தபோது, உண்மையைச் சொல்கிறேன், பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கஞ்சி காய்ச்சி என் ஜெர்சியை முழுதாக முக்கினேன். பாதி மட்டும் நனைத்தால் கோடு விழுந்துவிடும் என்று பயம். காய்ந்ததும் அது அப்பளமாக விறைத்தது. இந்தத் தடவை நெஞ்சிலேயே தைத்தேன். வளையத்தைக் கழற்றும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு சுருக்கம் இல்லை. அச்சடித்தது போல இருந்தது.

அந்தச் சந்தோஷம் அதை அலசுகிற வரைக்கும்தான். வாளித் தண்ணீரில் கஞ்சி பாலாகக் கரைந்து போனது. துணி பழையபடி மெத்தென்று ஆனது. ஆனவுடன், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தண்ணீருக்குள்ளேயே லோகோ சுருங்கியது. கையை வாளியிலிருந்து வெடுக்கென்று எடுத்தேன். சுருக்கத்தைக் கஞ்சி போக்கவில்லை. பிடித்து மட்டும் வைத்திருந்தது.

இங்கேதான் நான் தப்புச் செய்தது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். ராசா என்கிற ஊரில் நான் நூல் வாங்குகிற கடைக்குப் போன் போட்டிருக்கலாம். ஆனால் நான்கு நாள்தான் இருந்தது, கேட்டால் தெரியாதவள் என்று நினைப்பார்கள் என்கிற கூச்சம் வேறு. அலசாமலே கொடுத்துவிட்டால் என்ன என்று மண்டைக்குள் ஒரு யோசனை வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு காலைப் பொழுது இழுக்கப் போகிறார்கள். அதில் எவ்வளவு நனைந்துவிடப் போகிறது? முடிந்ததும் எல்லாவற்றையும் திருப்பி வாங்கி வேறு ஏதாவது செய்துகொள்ளலாம்.

எட்டு ஜெர்சியையும் கஞ்சியில் முக்கிக் கொடியில் போட்டேன். எதிர்வீட்டுப் பழுப்பு மாடு வாசனை பிடித்துக்கொண்டு வந்து அக்காவின் ஜெர்சிக் கையை நக்கிக்கொண்டிருந்தது. பதறி ஓடிப்போய் விரட்டினேன். அது நாக்கைச் சுழற்றிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனது. கஞ்சி எங்கே இருந்தாலும் தெரிந்துவிடும் என்று மாட்டுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

காய்ந்ததும் எட்டிலும் லோகோ தைத்து, அலசாமலே மடித்து வைத்தேன். போட்டிக்கு முந்தின நாள் மாலையில் வந்து வாங்கிக்கொண்டார்கள். கயிற்றின் முன்னால் முதல் ஆளாக நிற்பவர் ஒல்லியான ஒரு அக்கா. மருந்து அடிக்கிற வேலை. வாய் மட்டும் எட்டுப் பேருக்கும் சேர்த்து அவருக்குத்தான். ஜெர்சியைப் பிரித்துக் கையால் தட்டினார்.

“என்னா தங்கச்சி இது, சட்டையா கதவா? தட்டுனா சத்தம் வருது.”

எல்லாரும் சிரித்தார்கள். “புதுத் துணி அப்படித்தாங்க்கா இருக்கும். போடப் போடச் சரியாயிடும்,” என்றேன். முகத்தைப் பார்க்காமல் நூல் கண்டுகளை அடுக்கினேன்.

அக்கா தன் ஜெர்சியை வாங்கி மடியில் விரித்தார். லோகோவின் மேல் பெருவிரலை வைத்து மெதுவாகத் தடவினார். கயிறு, கை, குலை. “ஒரு சுருக்கம் இல்ல, பாரு,” என்று மற்றவர்களுக்குக் காட்டினார். “என் தங்கச்சி கை.”

அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

“உன்னுது எங்க?” என்று கேட்டார்.

“இன்னும் முடியல,” என்றேன். அது அலமாரிக்குள் வற்றல்களோடு சுருண்டு கிடந்தது.

மறுநாள் பாரோயில் காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. கருநீலத்தில் எட்டுப் பேரும் வேனிலிருந்து இறங்கி வரிசையாக நடந்தபோது திடலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது உண்மை. அந்தப் பத்து நிமிடம் மட்டும் நான் எதற்கும் பயப்படவில்லை.

எதிரணி இன்னொரு தோட்டத்துப் பெண்கள். எல்லாரும் நம் தமிழ் ஆள்கள்தான், வாயும் நம் வாய்தான். மூன்று இழுப்பில் இரண்டு ஜெயிக்க வேண்டும். விசில் ஊதியதும் எங்கள் பக்கம் குதிகாலை ஊன்றி மல்லாந்தது. கயிறு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. எதிரணி திமிறித் திமிறி இழுத்தும் அக்காவின் முதுகில் கயிறு ஒரு விரல்கூட நகரவில்லை. ஆணி அடித்து வைத்தது போல இருந்தது. முதல் இழுப்பு எங்களுக்கு. நான் போத்தல்களைத் தட்டிச் சத்தம் போட்டேன்.

பக்கம் மாறி நிற்கும்போதுதான் கவனித்தேன். எட்டுப் பேரின் அக்குளிலும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. வியர்வை பட்ட இடமெல்லாம் கஞ்சி கரைந்து கொழகொழத்து வெளியே வந்திருந்தது. எதிரணியின் பயிற்சியாளரும் அதே நேரத்தில் கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். அக்கா பிடித்திருந்த இடத்தில் கயிறு வெள்ளையாக இருந்தது. தொட்டார். விரல் ஒட்டியது. கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டார்.

நடுவர் தலையில் தூடோங் முக்காடு போட்ட ஒரு மலாய்க்கார அம்மா. அவர் வந்து அக்காவின் முதுகில் கை வைத்ததையும் முகர்ந்ததையும்தான் முதலிலேயே சொன்னேன்.

“இது என்ன, பசையா?” என்று மலாயில் கேட்டார்.

“ஒன்றும் இல்லை,” என்றார் அக்கா. குரலில் ஒரு பொய்யும் இல்லை. அவருக்குத் தெரியாது.

நடுவர் அடுத்தவரைத் தொட்டார். அதற்கடுத்தவரை. எட்டுப் பேரும் ஒட்டினார்கள். கயிறு வழுக்காமல் இருக்க உடையில் பசை தடவுவது குற்றம் என்றும், யார் தடவியது என்று சொல்லாவிட்டால் குழுவை வெளியேற்றித் தோட்டத்துக்கு எழுதிவிடுவேன் என்றும் நிதானமாகச் சொன்னார். எழுதிவிடுவேன் என்ற சொல்லைக் கேட்டதும் எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

நான் பயந்து பயந்து கட்டிய கோட்டை முழுவதும், கடிதம் வரைக்கும், நான் பயந்த வழியில் வராமல் நானே வெட்டிவிட்ட வழியில் வந்து நின்றது.

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. திடலின் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். ஒருவர் “ஏய் ஏய்” என்று கத்தினார். நடுவரின் முன்னால் நின்றேன். என் மலாய் கடைத்தெருவில் பேசுகிற பசார் மலாய்தான். அதுவும் அப்போது வரவில்லை.

“கஞ்சி,” என்றேன். நல்லவேளை, மலாயிலும் அது கஞ்சிதான். “மரவள்ளிக் கஞ்சி. லோகோ தைக்கப் போட்டது. துணி சுருங்காமல் இருக்க. நான்தான் போட்டேன். இவர்களுக்குத் தெரியாது.” கடைசி வாக்கியத்தை மூன்று தடவை சொன்னேன்.

நடுவர் விரலை மறுபடியும் முகர்ந்தார். பிறகு எதிரணியில் ஒரு பெண் சத்தமாகச் சொன்னார்: “ஏண்டி, கஞ்சி குடிச்சிட்டு வந்து இழுப்பாங்க, பாத்திருக்கேன். இவங்க மாட்டிகிட்டே வந்துட்டாங்க!”

அவர்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. எங்கள் ஒல்லி அக்கா தன் ஜெர்சியைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, “அடப்பாவி தங்கச்சி! அதான் காலையிலேருந்து தொவையல் ஞாபகமாவே இருக்குதேன்னு பாத்தேன்,” என்றார். அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நடுவர் போய் மற்ற அதிகாரிகளோடு பேசினார். நான் அவர்களின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து சொன்னார்: வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் முதல் இழுப்பு செல்லாது. பதினைந்து நிமிடத்துக்குள் துளி ஒட்டாமல் அலசிக்கொண்டு வர வேண்டும். மறுபடியும் ஒட்டினால் வெளியே.

செல்லாது என்ற சொல் என்னை அறைந்தது. ஜெயித்ததை நான் கழற்றி எடுத்துவிட்டேன்.

கழிவறைக்குப் பின்னால் ஒரே ஒரு பைப்பு. மாற்றுச் சட்டை யாரிடமும் இல்லை. ரப்பர்க் குழாயை மாட்டி, போட்டபடியே அவர்களை நிற்க வைத்து ஒவ்வொருவராக அலசினேன். முதுகு, அக்குள், தோள். சோறு வடித்தது போல வெள்ளைத் தண்ணீர் காலடியில் ஓடியது. அலச அலசத் துணி மெத்தென்று உடம்போடு ஒட்டியது. ஒவ்வொருவர் நெஞ்சிலும் அந்தச் சிவப்புக் குலை மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு சுருங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. என் வீட்டு வாளிக்குள் நான் ஒளித்து வைத்தது எட்டுப் பேர் நெஞ்சில் பட்டப்பகலில் நடந்தது. ஒவ்வொன்றுக்கும் புதிதாகத் திடுக்கிட்டேன். தெரிந்ததுதானே என்று மனம் பழகவே இல்லை.

கடைசியாக அக்கா. அழுகையில் எனக்குக் கண் தெரியவில்லை.

“அழுதுகிட்டே தேய்க்காத. ஒழுங்கா தேய்,” என்றார். பிறகு தன் லோகோவைக் குனிந்து பார்த்தார். “ஏன் புள்ள சொல்லல?”

“சுருங்கிடும்னு பயந்துட்டேன் க்கா.”

“இப்ப சுருங்கிடுச்சுல்ல?”

“ம்.”

“என்னா ஆச்சு இப்ப? வானம் இடிஞ்சு விழுந்துடுச்சா? கயித்த பிடிக்கிறது கையா, லோகோவா?” குழாயை என் கையிலிருந்து வாங்கித் தோளில் ஊற்றிக்கொண்டார். “சொல்லியிருந்தா பழைய சட்டையில வந்து இழுத்திருப்போம். சொல்லாம விட்டியே, அதுதான்.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஈர ஜெர்சியில் கயிறு வழுக்கியது. மறுபடி தொடங்கிய முதல் இழுப்பில் அக்காவின் தோளிலிருந்து கயிறு நழுவி, அவர் மண்டியிட்டு விழுந்தார். தோற்றார்கள். இரண்டாவதில் ஒல்லி அக்கா என்ன கத்தினாரோ, எட்டுப் பேரும் ஒரே மூச்சாகப் பின்னால் சாய்ந்தார்கள், ஜெயித்தார்கள். மூன்றாவது ரொம்ப நேரம் போனது. கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி அங்கேயும் இங்கேயும் ஊசலாடியது. அக்காவின் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. கடைசியில் ஒரு முழம். ஒரே ஒரு முழம் அந்தப் பக்கம் போனது. விசில் ஊதிவிட்டார்கள்.

கஞ்சியோடு ஜெயித்த இழுப்பு செல்லுபடியாகியிருந்தால் அந்த மூன்றாவதே நடந்திருக்காது. வேனில் நான் அதையே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். மலைச்சாலை வளைவுகள் தொடங்கியதும் ஒல்லி அக்கா முன் இருக்கையிலிருந்து, “வீட்டுக்குப் போயி யாரும் கஞ்சி வைக்காதீங்கடி. எனக்கு ஒரு மாசத்துக்கு ஆவாது,” என்றார். வேன் குலுங்கச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடிதம் வரவில்லை. மேனேஜரிடம் ஒருவர் சொல்லி அவருக்குக் கஞ்சிக் கதை தெரிந்துவிட்டது. அக்காவைப் பார்த்து, அடுத்த முறை வெறும் கையோடு போய் ஜெயித்துவிட்டு வாருங்கள் என்றாராம். அடுத்த முறை என்று அவர் சொன்னதை அக்கா என்னிடம் வந்து இரண்டு தடவை சொன்னார். சொல்லிவிட்டு ஒரு வாளியை என் வாசலில் வைத்தார். உள்ளே எட்டு ஜெர்சி, துவைத்து மடித்து.

“பிரிச்சுட்டு ஒழுங்கா போடு. மொதல்ல உன்னுதுல போட்டு எனக்குக் காட்டு. காட்டாம எட்டுலயும் கைய வைக்காத.”

என் ஜெர்சியிலிருந்து முதல் வற்றலைப் பிரித்தேன். நெருக்கமான தையலைச் சின்னக் கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்து இழுக்க இழுக்க, துணி மெல்ல விரிந்து தன் பழைய அளவுக்கு வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் புரிந்தது. நான் வளையத்தில் இழுத்து மாட்டும்போது துணி நீண்டுபோய் நிற்கிறது. நீண்ட நிலையிலேயே தையல் அதை ஆணியடித்துவிடுகிறது. வளையத்தை விட்டதும் சுற்றியிருக்கிற துணி தன் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது, தையலுக்குள் மாட்டிய துணி திரும்ப முடியாமல் கிடக்கிறது. நடுவில் அந்தச் சண்டைதான் சுருக்கம். நான் இத்தனை நாளும் நம்பிய டொம் சத்தம்தான் குற்றவாளி.

மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் ஆங்கிலம், படம் மட்டும்தான் எனக்கு. மெல்லிய துணிக்கான படத்தில் வளையத்துக்குள் தாள் மட்டும் மாட்டியிருந்தது. துணி அதன்மேல் சும்மா கிடந்தது. இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். படம் போட்டவன் துணியை மாட்ட மறந்துவிட்டான் என்று நினைத்திருக்கிறேன்.

ராசா கடைக்குப் போய், கூச்சத்தை விட்டுவிட்டு, தெரியாது என்று சொல்லியே கேட்டேன். கிழிக்கிற தாள் வேண்டாம் என்று கொசுவலை மாதிரி மெல்லிய, கிழியாத பேக்கிங் ஒன்றைக் கொடுத்தார்கள். முனை உருண்ட மெல்லிய ஊசி கொடுத்தார்கள். துணியைத் தாளோடு ஒட்ட ஒரு ஸ்பிரேயும் நீட்டினார்கள். பசை என்றதும் கையை இழுத்துக்கொண்டேன். வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வந்து, வளையத்தில் பேக்கிங்கை மட்டும் மாட்டி, ஜெர்சியை அதன்மேல் இழுக்காமல் படுக்கவைத்து, லோகோவைச் சுற்றி நீளநீளமாகக் கையாலேயே நூலோட்டினேன். மேல்நூலின் இறுக்கத்தைத் தளர்த்தினேன். மெஷினில் தையலின் நெருக்கத்தைக் குறைக்கிற பொத்தான் ஒன்று உண்டு. ஏதாவது கெட்டுவிடும் என்று வாங்கிய நாளிலிருந்து தொட்டதில்லை. அதைத் தொட்டேன். ஒன்றும் கெடவில்லை. வேகத்தைக் குறைத்து, குலையின் நடுவிலிருந்து வெளியே போகிற மாதிரி ஓடவிட்டேன். மெஷின் ஓடிய நேரம் முழுக்க அதன் பக்கத்திலேயே நின்றேன்.

முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வேலைச் சட்டையோடு, பழச்சாறு ஒட்டிய கையோடு வந்தார். அவர் எதிரிலேயே நூலோட்டத்தைப் பிரித்து, மிச்சப் பேக்கிங்கை வெட்டி, ஜெர்சியை வாளித் தண்ணீரில் முக்கினேன். எடுக்கத் தைரியம் வரவில்லை.

“எடு லா,” என்றார்.

எடுத்தேன். தண்ணீர் சொட்டியது. இரண்டு கை, ஒரு கயிறு, ஒரு குலை. பிழிந்தேன், உதறினேன், இழுத்து விட்டேன். தட்டையாகவே கிடந்தது. நம்பாமல் மறுபடியும் முக்கி எடுத்தேன். அதேதான். சுருங்காமல் இருப்பதைப் பார்த்தும் ஒருத்திக்கு இப்படித் தூக்கிவாரிப் போடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அக்கா லோகோவைப் பார்க்கவே இல்லை. ஈர ஜெர்சியை என் கையிலிருந்து வாங்கி, முகத்துக்கு நேராகப் பிடித்து, மூச்சை இழுத்து முகர்ந்தார். திருப்பிப் பிடித்து அக்குள் பக்கமும் முகர்ந்தார்.

“சரி,” என்றார். வாளியைக் காலால் என் பக்கம் தள்ளினார். “எட்டையும் பிரி.”